என் உள்ளூர்க் கார்டியன்

மாலை மணி அடிப்பதற்குச் சற்று முன்னால், விடுதியின் இரும்புக் கேட்டுக்கு வெளியே ஒரு ஜட்கா வந்து நிற்கும். செம்பட்டை நிறக் குதிரை, நெற்றியில் ஒரு வெள்ளைப் புள்ளி. வலது காதின் நுனி கிழிந்திருக்கும். வண்டிக்காரர் இறங்க மாட்டார். கடிவாளத்தை ஒரு கையில் பிடித்தபடி, மறு கையை நெற்றிமேல் குடையாக வைத்து, உள்ளே வேப்பமரத்தடியில் திரியும் பையன்களில் ஒருவனைத் தேடுவார். அந்த ஒருவன் நான். என் முகம் தெரிந்ததும், "இருக்கியா?" என்பார். "இருக்கேன்" என்பேன். அவ்வளவுதான். நாக்கைச் சொடுக்கிக் குதிரையைத் திருப்பிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போய்விடுவார். சாப்பிட்டாயா, படிக்கிறாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்றெல்லாம் எதுவும் கிடையாது. நான் இருக்கிறேனா என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டும். எனக்கோ அந்த இடத்தில் இருப்பது ஒன்றுதான் முடியாத காரியமாக இருந்தது.

இது இப்போது நினைவுக்கு வரக் காரணம் உண்டு. விழுப்புரத்தில் வாத்தியாராக இருந்து நான் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. போன மாதம், என்னிடம் படித்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகளுக்கு இங்கே கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, விடுதிக்கு மனுப் போட வேண்டும், உள்ளூர்ப் பாதுகாவலர் என்று ஒருவருடைய கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றார். காட்டிய இடத்தில் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பெண்ணின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. பேனாவை மூடிவிட்டு, காபி சாப்பிடுகிறீர்களா என்று விசாரித்தேன். அவர்கள் போன பிறகு என்னால் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். "இன்னா, திரும்பவும் கால்ல சக்கரமா?" என்றாள் என் மனைவி. சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்தப் பட்டம் உண்டு.

எங்கள் ஊர் திருவக்கரைக்குப் பக்கம். செம்மண் மேடு. கல்லாகிப் போன மரங்கள் ஆங்காங்கே கிடக்கும். அவற்றின்மேல் உட்கார்ந்துதான் ஆடு மேய்ப்போம். அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது, மல்லாட்டையும் கேப்பையும் விளையும். வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். நான் எட்டாவது வரை படித்தது விழுப்புரத்தில், அக்கா வீட்டில். ஜங்ஷனுக்குப் பின்னால் வீடு. பள்ளிக்கூடம் விட்டால் நான் ரயிலடியில்தான் இருப்பேன். மதராஸ் பக்கம், திருச்சி பக்கம், காட்பாடி பக்கம், புதுச்சேரி பக்கம் என்று நாலா பக்கமும் வண்டி புறப்பட்டுப் போகும். எதிலும் ஏறியதில்லை, ஆனால் எதில் வேண்டுமானாலும் ஏறலாம் என்ற நினைப்பே எனக்குப் போதுமானதாக இருந்தது. அக்காவுக்குக் கைக்குழந்தைகளோடு மல்லுக்கட்டவே நேரம் சரியாக இருந்ததால் என்னை அவள் கட்டிப்போட முயலவில்லை. நினைத்த நேரத்துக்கு வருவேன், இருப்பதைத் தின்பேன், மறுபடியும் கிளம்பிவிடுவேன்.

அப்பாவுக்கு என்னை வாத்தியாராக்க வேண்டும். "நம்ம ஊட்டுல ஒருத்தனாவது நெழல்ல நின்னு வேலை செய்யணும்" என்பார். அதற்கு மேல் அந்த ஆசைக்கு அவர் விளக்கம் சொன்னதில்லை. திண்டிவனத்தில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்தது யுத்த காலத்தில். ஆனால் வெளியூர்ப் பையன்கள் விடுதியில் தங்கினால்தான் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். விடுதியில் இடம் இல்லையென்றால் பள்ளியிலும் இல்லை, வாத்தியார் வேலையும் இல்லை, பேசாமல் கொல்லைக்குப் போய்க் களை வெட்ட வேண்டியதுதான். எனக்கு எது கிடைத்தாலும் சரி என்றிருந்தது. அப்பாவுக்கு அப்படி இல்லை. ஊரிலிருந்து புறப்பட்ட நேரம் முதல் அவர் எச்சில்கூட விழுங்கினாரா என்று எனக்குச் சந்தேகம்.

திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் தகரப் பெட்டியை ஒரு ஜட்காவில் ஏற்றினார் அப்பா. வண்டிக்காரர் நடுவயது தாண்டியவர். தாடியில் மருதாணிச் சிவப்பு, தலையில் அழுக்கேறிய வெள்ளைக் குல்லா. ஊரில் எல்லோரும் அவரை ஜட்கா பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அவரை அப்படியே எழுதுகிறேன். விடுதியில் எங்களை இறக்கிவிட்டு, திரும்பி வருவதற்கும் ஆள் கிடைக்கட்டும் என்று வாசலிலேயே நின்றுகொண்டார்.

விடுதி வார்டன் எங்கள் மனுவைப் படித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, உள்ளூர்க் கார்டியன் யார் என்று கேட்டார். அப்பாவுக்கு அந்த வார்த்தையே புதிது. வார்டன் பொறுமையாகத்தான் சொன்னார். முந்தின வருஷம் ஒரு பையனுக்குக் காய்ச்சல் கண்டபோது வீட்டுக்குத் தகவல் போய்ச் சேரவே நாளாகிவிட்டதாம். அதனால் ஒவ்வொரு பையனுக்கும் திண்டிவனத்திலேயே வீடு வாசலோடு இருக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். சனி ஞாயிறு வெளியே போவதென்றால் அவர் வீட்டுக்குத்தான் போகலாம். ஊருக்குப் போவதென்றால் அவர் சம்மதம் வேண்டும். ஆளைக் கூட்டி வாருங்கள், சாயங்கால மணி வரைக்கும் இடத்தை வைத்திருக்கிறேன், அதற்கு மேல் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் என்றார்.

அப்பாவுக்குத் திண்டிவனத்தில் தெரிந்த ஒரே மனிதர் மல்லாட்டை மண்டி முதலாளி. வருஷா வருஷம் எங்கள் மூட்டை அங்கேதான் இறங்கும். அதே ஜட்காவில் மண்டிக்குப் போனோம். முதலாளி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "உன் சரக்கை நம்பலாம், உன் பையனை நான் எப்படிப்பா நம்பறது? எனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதனால்தான் அப்பாவால் மேற்கொண்டு பேச முடியவில்லை என்று நினைக்கிறேன். திரும்பி வரும்போது அப்பா வண்டிக்குள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வேடிக்கை பார்த்தேன். இடம் கிடைக்காது போலிருக்கிறது என்று எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட எழுந்தது.

விடுதி வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அப்பா நின்றார். உள்ளே போகவும் கால் வரவில்லை, ஊருக்குத் திரும்பவும் மனம் வரவில்லை. பாய் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணே, இங்கியே நின்னுக்கினு இருக்கீங்க?"

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். ஒரு விநாடி யோசித்திருப்பார். "பாய், உங்களுக்கு இந்த ஊருல ஊடு இருக்குதா?" என்றார்.

"கிடங்கல் பக்கம் ஓட்டு ஊடு. சொந்தந்தான். ஏன்?"

"இந்தப் புள்ளைக்கு நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

பாய் குதிரையின் கழுத்தைத் தட்டிக் கொடுத்தார். கடிவாள வாரில் எதையோ சரிசெய்தார். பிறகு கீழே இறங்கி, "எனக்குக் கையெழுத்து வராது. கை நாட்டு வெக்கிறேன், ஒத்துக்குவாங்களா கேளுங்க" என்றார்.

வார்டன் ஒத்துக்கொண்டார். உறவு என்ன என்று கேட்டபோது அப்பா சட்டென்று, "மாமா முறைங்க" என்று சொல்லிவிட்டார். வார்டன் குல்லாவைப் பார்த்தார், அப்பாவின் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு, குடும்ப நண்பர் என்று எழுதினார். பிறகு பாயிடம் கண்டிப்பான குரலில் சொன்னார். "நல்லாக் கேட்டுக்குங்க. பையன் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா நீங்கதான் பொறுப்பு. கூப்பிட்டா வரணும்."

"எப்பக் கூப்ட்டாலுமா?"

"எப்பக் கூப்பிட்டாலும்."

"எத்தினி நாளைக்குங்க?"

"படிப்பு முடியற வரைக்கும்."

பாய் என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். சந்தையில் மாடு வாங்க வந்தவர் பார்ப்பதுபோலத்தான் இருந்தது அந்தப் பார்வை. குறிப்பாக என் கால்களைப் பார்த்தார். அப்புறம் நீல மையில் கட்டைவிரலை அழுத்திக் காகிதத்தில் வைத்தார். விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அப்பா போகும்போது என்னிடம், "அவரை மாமான்னே கூப்புடு" என்று மட்டும் சொன்னார்.

விடுதி என்றால் நீளமான ஓட்டுக் கட்டடம், வரிசையாக அறைகள், அறைக்கு நான்கு பேர். சுவரோரம் நான்கு தகரப் பெட்டிகள், அவற்றின்மேல் சுருட்டிய நான்கு பாய்கள். வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருப்பார்கள், அதுதான் மணி. எழுந்திருக்க ஒரு மணி, கிணற்றடிக்கு ஒரு மணி, பிரார்த்தனைக்கு, சாப்பாட்டுக்கு, படிப்புக்கு, விளக்கு அணைக்க என்று நாள் முழுக்க யாராவது அதை அடித்துக்கொண்டே இருந்தார்கள். யுத்தத்தால் அரிசித் தட்டுப்பாடு, பாதி நாள் கேப்பைக் களிதான். மற்றப் பையன்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது வீட்டுச் சாப்பாடு, அதனால் சோற்றைக் குறை சொல்லி ஓடவும் வழியில்லை. யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. பாடமும் எனக்கு வராமல் இல்லை. இருந்தாலும் கேட் சாத்தியிருக்கிறது என்ற நினைப்பு வந்தாலே உள்ளங்கால் குறுகுறுக்கும். படிப்பு நேரத்தில் பெஞ்சுக்கு அடியில் என் கால் ஆடிக்கொண்டே இருக்கும். ரயில் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுவேன். என் அறையில் செஞ்சிக்காரன் ஒருவன் இருந்தான். நல்ல பையன், வாய் மட்டும் சும்மா இருக்காது. "டேய், உக்காருடா. உன்னைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்பான்.

இதற்கு நடுவில்தான் பாய் தினமும் வந்து நின்றார். மற்றப் பையன்களின் கார்டியன்கள் மாதத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தால் அதிகம். எனக்கு மட்டும் அன்றாடம் ஆஜர். முதலில் அவருக்கு என்மேல் பாசம் என்று நினைத்தேன். பாசமுள்ளவர் ஒரு முறுக்காவது வாங்கி வர மாட்டாரா என்ற கேள்வி பிறகுதான் வந்தது. செஞ்சிக்காரன் கேட்டுப் பக்கம் தலையைக் காட்டி, "டேய், உன் போலீஸ்காரர் வந்துட்டாரு" என்பான். விடுதி முழுக்க அந்தப் பேர் பரவிவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. ஏற்கெனவே மணியும் கேட்டும் போதாதா, இவர் வேறு வந்து கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறாரே என்று எரியும்.

ஒருநாள் வழக்கத்தை மீறிக் கூடுதலாக ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க ஊருலேர்ந்து பாண்டி எல்லை எவ்ளோ தூரம்?"

"ஆத்தைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தா வந்துடுங்க மாமா."

அவர் முகம் மாறியது. வெள்ளைக்காரன் ராஜ்யம் இந்தப் பக்கம், பிரெஞ்சுக்காரன் ராஜ்யம் அந்தப் பக்கம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை. மாடு மேயப் போனாலே எல்லை தாண்டிவிடும். "நடந்தேவா?" என்று இன்னொரு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். மறுநாளிலிருந்து காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று வர ஆரம்பித்தார்.

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை, காலை வகுப்பு முடிந்ததும், மாற்றுச் சட்டையைக்கூட எடுக்காமல் கேட்டைத் தாண்டினேன். செஞ்சிக்காரனிடம் மட்டும் ஊருக்குப் போகிறேன் என்றேன். "திரும்பி வருவியா?" என்றான். தெரியாது என்றேன். ஞாயிறு மாலைக் கணக்கெடுப்பில் இல்லையென்றால் பேரை அடித்துவிடுவார்கள் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். மயிலம் வரைக்கும் ஒரு கரி பஸ் கிடைத்தது. பெட்ரோல் கிடைக்காத அந்த நாட்களில் பின்னால் அடுப்பை மாட்டிக்கொண்டு புகை கக்கியபடி ஓடும் பஸ். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளுவதுகூட எனக்குச் சுகமாக இருந்தது. மயிலத்திலிருந்து நடந்தேன். அந்த நடையை என்னால் மறக்க முடியாது. இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை, பூப்பூத்திருந்தது. காலடியில் செம்மண் புழுதி, கையில் சுமை எதுவும் இல்லை. யாரும் மணி அடிக்கவில்லை. எனக்குப் பாட வேண்டும்போல் இருந்தது, பாடினேன்.

பொழுது சாயும்போது வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா பதறிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்பா மட்டும் எதுவும் கேட்கவில்லை. நானே சொன்னேன், அங்கே இருக்க முடியவில்லை என்று. அவர் வெகுநேரம் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். போட்டதையே மறுபடியும் கிளறிக்கொண்டிருந்தார். கடைசியில், "சரி. காலையில கொல்லைக்கு வா. களை கெடக்குது" என்றார். திட்டியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். ஆனாலும் படுத்ததும் தூங்கிவிட்டேன்.

மறுநாள் களை வெட்டிவிட்டு வீட்டு வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தோம். தெருக்கோடியில் நாய்கள் குரைத்தன. பார்த்தால் அந்த ஜட்கா. எங்கள் ஊருக்கு ஜட்கா வந்ததே இல்லை, பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்தார்கள். குதிரையின் வாயில் நுரை தள்ளியிருந்தது. பாய் இறங்கினார். அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "இருக்கான். அல்லா காப்பாத்தினான்" என்று சொல்லிவிட்டு, அப்படியே புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணாந்து ஊற்றிக்கொண்டபோது பாதி மோர் தாடியில் வழிந்தது.

"எதுக்குங்க பாய் இவ்ளோ தூரம்? ஆளை அனுப்பிச் சேதி சொல்லியிருக்கலாமே" என்றார் அப்பா.

"நல்லாக் கேட்டீங்கண்ணே. ஜாமீன் போட்டவன் நானில்ல? இவன் எல்லையத் தாண்டிப் போய்ட்டா நாளைக்கி யாரைப் புடிப்பான்?"

அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்கும் முதலில் புரியவில்லை. பாய் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னதிலிருந்துதான் மெல்லப் புரிந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் அவருடைய மச்சான் ஓர் அடிதடிக் கேசில் மாட்டிக்கொண்டானாம். பாய் கோர்ட்டில் கை நாட்டு வைத்து ஜாமீனில் எடுத்தார். அவன் மறுவாரமே பாண்டிக்குள் போய்விட்டான். அங்கே போனவனை இங்கே இருக்கும் போலீஸ் தொட முடியாது. பாயின் வீட்டுக்குச் சம்மன் வந்தது, பிறகு ஜப்தி வந்தது, வண்டியையும் குதிரையையும் பிடித்துக்கொண்டு போனார்கள். பாய் மூட்டை தூக்கி, அடுத்தவன் வண்டியை வாடகைக்கு ஓட்டி, இந்த இரண்டாவது குதிரையை வாங்கினார். விடுதி வார்டன் பொறுப்பு என்று சொல்லி, கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி, அதே நீல மையை நீட்டியபோது, அவருக்கு அது அதே ஜாமீன்தான். அதனால்தான் அன்று என் கால்களை அப்படிப் பார்த்திருக்கிறார்.

"நேத்து சாயங்காலம் வந்து பாத்தேன். ஆளைக் காணோம். அந்தச் செஞ்சிப் பையன், இவன் என் ஊட்டுக்குப் போயிருக்கான்னு வார்டன் ஐயான்ட சொல்லி வெச்சிருக்கான். வார்டன் ஐயா என்னியே கேக்கறாரு, பையன் உங்க ஊட்டுலதானே இருக்கான்னு. நான் இன்னா சொல்றது? ஆமாங்கன்னுட்டேன். வெளிய வந்தப்பறந்தான் அந்தப் பையன் இவன் ஊருக்குப் போயிருக்கான்னு சொன்னான். இப்ப நான் சொன்னது பொய்யாப் போச்சுன்னா அது வேற கேசு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாயங்கால மணிக்குள்ள இவனை அங்க நிறுத்திட்டா போதும்ணே. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அப்பா அவருக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "பாய், ஒரு தபா அடிபட்டவரு நீங்க. ஜாமீன்னு நெனச்சிக்கினா அன்னிக்கிக் கை நாட்டு வெச்சீங்க? என் பேருகூட அப்ப உங்களுக்குத் தெரியாதே."

"இப்பவும் தெரியாது" என்றார் பாய்.

"அப்பறம் எதுக்கு வெச்சீங்க?"

பாய் தாடியைச் சொறிந்தார். "நீங்க கேட்டீங்க. அந்த எடத்துல வேற யாரு இருந்தாங்க?" என்றார்.

அப்பா எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். அவர் அழுவதை நான் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை. ஆனால் திரும்பி வர நேரமாயிற்று. வந்தவர் என்னைப் போ என்று சொல்லவில்லை. கையில் ஒரு சின்ன மூட்டை அவித்த மல்லாட்டை இருந்தது, அதைப் பாயிடம் கொடுத்தார். விடுதியில் வைத்த கை நாட்டுக்கும் ஜப்திக்கும் சம்பந்தமில்லை என்பது அந்த இடத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். விதிகளைத் தமிழில் எழுதி விடுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள், மழை நாட்களில் வேறு வேலையில்லாமல் பத்துத் தடவை படித்திருக்கிறேன். பையன் ஓடினால் பையன் பேரை அடிப்பார்கள், கார்டியனை யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். அப்பாவும் பாயும் கோர்ட்டையே நினைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். நான் வாயைத் திறந்திருந்தால் போதும், அன்றைக்கே களை வெட்டுகிறவனாகத் தங்கியிருக்கலாம். திறக்கத்தான் நினைத்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பேச வரவில்லை. போய் வண்டியில் ஏறினேன்.

வண்டி ஊர் எல்லையைத் தாண்டியது. குதிரையைப் பாய் விரட்டவில்லை, காலையிலேயே அது களைத்துப் போயிருந்தது. நான் வண்டியின் பின்பக்கம், காலைத் தொங்கப் போட்டபடி உட்கார்ந்திருந்தேன். எந்தக் கணமும் குதித்துவிடலாம் என்பதுபோல. என் கால் தன்னால் ஆடியது. அவருக்கு முதுகில் கண் இருந்திருக்க வேண்டும். "குதிச்சுடாதே" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "சத்தியமா ஓட மாட்டியே?" என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "ராத்திரியே ஊட்டுக்காரிகிட்ட சொல்லிட்டேன். நான் திரும்பலன்னா பாத்திர பண்டத்தை அவ அண்ணன் ஊட்டுல கொண்டு போய் வெச்சிடச் சொல்லி. ஜப்தின்னு வந்தா பாத்திரத்தையும் விட மாட்டான்" என்றார். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், நாளை மழை வரும் என்று சொல்வதுபோல.

எனக்குத் தாங்கவில்லை. அவரை விடுவிப்பதற்காகச் சொன்னேனா, நான் தப்பிப்பதற்காகச் சொன்னேனா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும்தான் இருந்திருக்கும்.

"மாமா, அது ஜாமீன் இல்லீங்க."

"இன்னா?"

"அது கோர்ட்டு இல்லீங்க. நான் ஓடிப் போனா உங்களை யாரும் புடிக்க மாட்டாங்க. குதிரைய எடுத்துக்கினு போக மாட்டாங்க. என் பேரை அடிச்சிடுவாங்க, அவ்ளோதான். எனக்குக் காய்ச்சல் வந்தா வந்து பாக்கறதுக்கு ஒரு ஆளு வேணும், அதுக்குத்தான் கை நாட்டு."

பாய் கடிவாளத்தை இழுத்தார். மயிலம் மலை தெரிகிற இடம். கோயில் கோபுரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பாதையில் யாரும் இல்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"பொய் சொல்லலியே?"

"வார்டனைக் கேளுங்க."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். இத்தனை நாள் ஏமாந்தோமே என்று கோபப்படுவார் என்றும் நினைத்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. இறங்கி, பக்கத்துக் குட்டையில் வாளியை முக்கிக் குதிரைக்குத் தண்ணீர் காட்டினார். அது குடித்து முடிக்கும் வரை அதன் முதுகில் கை வைத்து நின்றார். தோளை ஒரு தடவை குலுக்கிக்கொண்டார், சுமை இறக்கிய கூலிக்காரர்கள் செய்வார்களே, அப்படி. பிறகு வண்டியின் பின்பக்கம் என்னிடம் வந்தார்.

"அப்ப நீ எனக்காவ ஒண்ணும் வர வேணாம்" என்றார். "எறங்கறதுன்னா எறங்கிக்கோ. ஊட்டுக்குப் போணும்னா ஊட்டுக்குப் போ, பாண்டிக்குப் போணும்னா பாண்டிக்குப் போ. புடிக்காத எடத்துல உன்னியக் கட்டி வெச்சி எனக்கு இன்னா ஆவப் போவுது?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கேலியும் இல்லை. உண்மையிலேயே என்னை விட்டுவிட்டார். வந்த வழியைப் பார்த்தேன். புழுதியில் எங்கள் சக்கரத் தடம் நெடுக நீண்டு கிடந்தது. குதித்தால் போதும், கால் தரையைத் தொட அரை முழம்கூட இல்லை. எங்கே போனாலும் யாராவது பின்னால் இழுக்கிறார்கள் என்றுதான் எனக்கு எப்போதும் கோபம். இப்போது இழுக்க ஒருவரும் இல்லை. அப்பா போ என்று சொல்லவில்லை, இவர் வா என்று சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். புளியமரத்தடியில் அவர் சொன்ன அந்தப் பதில் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பேர் தெரியாத ஒரு மனிதன் கேட்டான் என்பதற்காக, போனாலும் போய்விடும் என்று தெரிந்தே, இந்தக் குதிரையை ஒருவர் என் பேரில் பணயம் வைத்திருக்கிறார். என் பேரில் அப்படி ஒன்றை அதுவரை யாரும் வைத்ததில்லை.

குதிரை தலையை உதறியது. பாய் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை, அவருக்கு மணி நெருங்கிக்கொண்டிருக்கிறது என்ற கவலையும் இப்போது இல்லை. நான் தொங்கப் போட்டிருந்த கால்களை எடுத்து வண்டிக்குள் மடக்கி உட்கார்ந்தேன்.

"ஓட்டுங்க மாமா" என்றேன்.

அவர் என் முகத்தை இன்னொரு தடவை பார்த்தார். முன்னால் போய் ஏறி உட்கார்ந்து, கடிவாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆனால் வண்டி நகரவில்லை.

"அங்க குந்திக்கினா பின்பாரம் ஏறுது. குதிரைக்குக் கழுத்து வலிக்கும்" என்றார். "முன்னால வந்து என்கிட்ட உக்காரு."

நான் எழுந்து முன்னால் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.